கட்டடமா, சம்பளமா, மருந்துப் பெட்டியா: போர் தின்ற ஊருக்கு எதைக் கொடுப்பது?

எங்கள் குடும்ப அறக்கட்டளைக்கு இந்த வருடம் வழக்கத்தைவிடப் பெரிய தொகை ஒன்று வந்திருக்கிறது. காரைக்குடி அருகே ஐயா பெயரில் கிடந்த மனை விற்றது. போரில் சிதைந்துபோன ஒரு நாட்டின் மருத்துவத்துக்கு அந்தப் பணம் போக வேண்டும் என்பது வரைக்கும் பங்காளிகள் எல்லோருக்கும் ஒரே எண்ணம். காரணம் ஐயாதான். ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்தவர். 1942-ல் ஜப்பான் படை நெருங்கியபோது அரக்கான் பக்கமாக நடந்து தப்பி, ஊர் வந்து சேர்ந்தார். கூட நடந்த தம்பி வழியில் காலராவில் போய்விட்டார். "சலைன் ஏத்த ஒரு ஆள் இருந்திருந்தா பொழச்சிருப்பான்" என்று ஐயா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கே கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. பெரிய அண்ணன் இலங்கையின் வன்னியில் ஐயா பெயரில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடம் கட்டலாம் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் ஆச்சி மகன் (எங்கள் பக்கம் ஆச்சி என்றால் அக்கா), பெரிய சர்வதேசத் தொண்டு நிறுவனம் ஒன்றிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிறான். என் தம்பிக்கு பர்மா எல்லையில் மருந்து சுமந்து நடக்கிறவர்கள் மேல் மனம். நான் 31 வருடம் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்தவன். "நீதான் மருந்தோட கெடந்தவன், எது நிக்கும் எது நிக்காதுன்னு நீயே எழுதிக் கொண்டா" என்று அண்ணன் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளாகப் படித்ததையும் வேலையில் கண்டதையும் வைத்து எழுதுகிறேன். இதே கேள்வி வேறு குடும்பங்களுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் வரும் என்பதால் பொதுவாகவே எழுதுகிறேன்.

கட்டடத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பர்மாத் தேக்கில் தூண் நிறுத்தி, ஆத்தங்குடிக் கல் பதித்து, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு பூசி எழுப்பிய வீடுகள் தெருத்தெருவாகப் பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் வீட்டிலேயே ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல் இரண்டாம் கட்டில் மழைத்தண்ணீர் இறங்குகிறது. ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்குப் பணம் கொடுக்க உலகத்தில் ஆள் உண்டு, கல்வெட்டில் பெயர் வரும். அதே கட்டடத்தில் பத்து வருடம் கழித்து இரவுப் பணி பார்க்கிற செவிலியருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் யாரும் முன்வருவதில்லை. போர் முடிந்த ஊரில் இடிந்த சுவர் உடனே கண்ணில் படும். ஓடிப்போன டாக்டரும், நின்றுபோன மருந்து லாரியும், மாதக்கணக்கில் வராத சம்பளமும் புகைப்படத்தில் தெரியாது. அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

மிச்சம் இருப்பது மூன்று வழி. போரிலிருந்து எழுந்த நாடுகளும் ஏறக்குறைய இந்த மூன்றில் ஒன்றையோ, ஒன்றோடொன்று கலந்தோதான் எடுத்திருக்கின்றன. அதனால் அந்த நாடுகளுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் நம் சின்னத் தொகைக்கும் வழி தெரியும்.

முதல் வழி, ஆச்சி மகன் சொல்வது. வெளியிலிருந்து வரும் நிறுவனங்களிடம் வேலையை ஒப்படைப்பது. இதற்குப் பெரிய உதாரணம் ஆப்கானிஸ்தான். 2001 கடைசியில் தாலிபான் ஆட்சி விழுந்தபோது அங்கே சுகாதாரத் துறை என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. 2002-ல் எடுத்த கணக்குப்படி 1,00,000 பிரசவத்துக்குச் சுமார் 1,600 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்தார்கள். அப்போதைய புது அமைச்சகம் ஒரு புத்திசாலித்தனமான காரியம் செய்தது. எல்லாவற்றையும் தானே நடத்தப் பார்க்காமல், 2003-ல் 'அடிப்படைச் சுகாதாரச் சேவைத் தொகுப்பு' என்று ஒன்றை எழுதியது. பிரசவம், தடுப்பூசி, காசநோய், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவு என்று எந்த நிலையத்தில் எது கட்டாயம் இருக்க வேண்டும் என்று வரையறுத்து, அதை மாகாணம் மாகாணமாகத் தொண்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் விட்டது. உலக வங்கியும் அமெரிக்காவும் ஐரோப்பிய ஆணையமும் மாகாணங்களைப் பிரித்துக்கொண்டு செலவை ஏற்றன. ஆளுக்கு ஆண்டுக்கு 4, 5 டாலர்தான் ஆனது. வேலை நடக்கிறதா என்று மதிப்பெண் போட்டுப் பார்த்தவர்களில் நம் ஜெய்ப்பூரில் இருக்கும் சுகாதார நிர்வாக ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்று.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மருத்துவச்சிகள் பயிற்சி. பெண்களை அந்தந்த வட்டாரத்திலிருந்தே தேர்ந்தெடுத்து, ஒன்றரை வருடம் பயிற்சி கொடுத்து, அதே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆண் டாக்டரிடம் பெண்ணை அனுப்பாத ஊரில் அந்தப் பெண்தான் ஆஸ்பத்திரி. சேவை பெருகியது, இறப்பு குறைந்தது. ஒப்பந்த முறை வேலை செய்யாது என்று சொல்பவர்கள் இந்தப் பதினெட்டு வருடத்தை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

ஆனால் 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. சில நாளில் உலக வங்கி பணத்தை நிறுத்தியது. 34 மாகாணங்களில் 31-ல் அந்தப் பணத்தில்தான் நிலையங்கள் ஓடிக்கொண்டிருந்தன. செவிலியர்கள் சம்பளம் இல்லாமல் வேலைக்கு வந்தார்கள், மருந்தும் டீசலும் தீர்ந்தன. பிறகு ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் செஞ்சிலுவைச் சங்கமும் ஓடிவந்து சம்பளத்தையும் மருந்தையும் கையில் எடுத்தன. பெரிய ஆஸ்பத்திரிகளைத் தாங்கிய செஞ்சிலுவைச் சங்கமும் 2023-ல் அந்தப் பொறுப்பிலிருந்து விலகியது. பானையும் சட்டியும் இந்த வீட்டில், அடுப்பு அடுத்த வீட்டில் என்கிற நிலை. அரசே நேரடியாக நடத்தியிருந்தாலும் நின்றுதான் போயிருக்கும் என்று ஒருவர் சொல்லலாம், அதுவும் உண்மைதான். அந்த அரசின் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டு உதவி. யார் நடத்தினார்கள் என்பதைவிட, சம்பளத்தில் உள்ளூர்ப் பணம் எத்தனை பங்கு என்பதுதான் அங்கே தீர்மானித்தது.

கம்போடியா இதே வழியில் போய் வேறு இடத்துக்கு வந்து சேர்ந்தது. லட்சக்கணக்கானோரைக் கொன்ற கெமர் ரூஜ் ஆட்சி 1979-ல் முடிந்தபோது நாடு முழுக்க 50 டாக்டர்கூட மிஞ்சவில்லை என்பார்கள். 1999-ல் சில மாவட்டங்களை முழுவதுமாக வெளி நிறுவனங்களுக்கும், சிலவற்றை நிர்வாகம் மட்டும் அவர்களிடம், ஊழியர்கள் அரசாங்கத்தில் என்றும் பிரித்து விட்டுப் பார்த்தார்கள். ஒப்பந்த மாவட்டங்கள் நன்றாகவே செய்தன. ஆனால் கம்போடியா அங்கேயே நின்றுவிடவில்லை. 2009 வாக்கில் வெளி நிறுவனங்களை விலக்கி, அரசின் சொந்த மாவட்ட அலுவலகங்களோடே ஒப்பந்தம் போடும் முறைக்கு மாறியது. இலக்கும் கண்காணிப்பும் அப்படியே இருந்தன, கை மட்டும் மாறியது.

மொசாம்பிக் இன்னொரு பாடம். 1992-ல் உள்நாட்டுப் போர் முடிந்ததும் உதவி கொட்டியது. ஒவ்வொரு நாடும் ஒரு மாகாணத்தைப் பிடித்துக்கொண்டு, தனக்கென்று மருந்துப் பட்டியல், தனக்கென்று வண்டி, தனக்கென்று அறிக்கைப் படிவம் என்று நடத்தியது. அமைச்சகத்து ஆட்கள் நாள் முழுக்கப் படிவம் நிரப்பினார்கள். எல்லோரும் ஒரே ஒழுங்குக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்ள 2000 ஆகிவிட்டது. ஒரு ஊரில் ஒரே காய்ச்சலுக்கு மூன்று நிறுவனம் மூன்று மாத்திரை கொடுத்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்பது மருந்தாளுநருக்குத் தெரியும்.

இங்கே நம் வழக்கம் ஒன்று ஞாபகம் வருகிறது. கல்யாணமான பிள்ளையை நாம் வேறு வைக்கிறோம். அதே வீடுதான், அதே முற்றம்தான். ஆனால் தனி அடுப்பு. அரிசி, பருப்பு, பாத்திரம் எல்லாம் கொடுத்து, இனி உன் வரவுக்கு உன் செலவு என்று விட்டுவிடுகிறோம். கை பழகும்வரை பெரியவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், சமைத்துப் போடுவதில்லை. கிழக்குத் திமோர் செய்தது ஏறக்குறைய இதுதான். இந்தோனேசியாவிடமிருந்து பிரிய மக்கள் வாக்களித்ததும் வெடித்த 1999 செப்டம்பர் வன்முறையில் அங்கே முக்கால்வாசிக்கு மேல் சுகாதார நிலையங்கள் எரிந்தும் இடிந்தும் போயின. இந்தோனேசிய டாக்டர்கள் போய்விட்டார்கள், உள்ளூர் டாக்டர்கள் இருபது முப்பது பேருக்கு மேல் இல்லை. முதலில் தொண்டு நிறுவனங்கள் ஓடிவந்து வைத்தியம் பார்த்தன. 2000 தொடக்கத்திலேயே திமோர் ஆட்களைக் கொண்ட இடைக்கால சுகாதார ஆணையம் ஒன்று அமைந்தது. ஒரு மாவட்டத்துக்கு ஒரு நிறுவனம் என்று வகுத்து, கிளம்ப வேண்டிய காலத்தையும் பேசிவைத்து, 2001-க்குள் நிர்வாகத்தை வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் பஞ்சத்துக்குப் பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் கியூபாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். பல வருடம் கழித்து அவர்கள் டாக்டராகத் திரும்பி வந்தார்கள். அவசரத்துக்கு வெளியாள், ஆனால் வரும்போதே போகும் நாளும் எழுதியாக வேண்டும். முதல் வழியை எடுக்கிறவர்களுக்கு நான் வைக்கும் நிபந்தனை இதுதான்.

இரண்டாவது வழி, அரசின் பழைய அமைப்பையே விடாமல் பிடித்துக்கொள்வது. இலங்கையைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. அரசே போரில் ஒரு தரப்பாக இருந்த நாடு அது. வடக்குக்குப் போகும் மருந்துகளுக்குத் தடையும் கட்டுப்பாடும் இருந்தன. கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரிகள் மேலேயே குண்டு விழுந்தது. நம் கைக்கும் கறை உண்டு. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படை சுட்டதில் டாக்டர்களும் செவிலியர்களும் நோயாளிகளும் செத்தார்கள். வடக்கில் எதையாவது கட்டிக்கொடுக்கப் போகிற இந்தியத் தமிழன் அதை மறந்துவிட்டுப் போகக் கூடாது.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு விஷயம் நடந்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலும் அரசு ஆஸ்பத்திரிகள் அரசு ஆஸ்பத்திரிகளாகவே இருந்தன. ஊழியருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, பதிவேடு ஒரே மாதிரி எழுதப்பட்டது, தடுப்பூசி போனது. 1926-ல் களுத்துறையில் ஆரம்பித்த சுகாதாரப் பிரிவு முறை, ஊருக்கு ஊர் மருத்துவ மாது (அங்கே மருத்துவச்சிக்குப் பெயர்), இலவச வைத்தியம் என்று வேர் ஆழமாக ஓடியிருந்ததால்தான் முடிந்தது. மலேரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1999-ல் 2,60,000 பேருக்கு மேல் மலேரியா கண்ட நாடு. போர் நடந்துகொண்டிருக்கும்போதே கொசுவலையும் ரத்தப் பரிசோதனையும் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர் நோயாளி. 2016-ல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்த நாடு என்று சான்று கொடுத்தது. ஒழிப்புக்கு வருகிற வெளிநாட்டுப் பணம் அங்கேயும் உதவியது. ஆனால் கொசு பிடித்த ஆளும் ரத்தம் எடுத்த ஆளும் அந்த நாட்டுச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள்.

அப்படியென்றால் வன்னிக்கு நாம் என்ன செய்வது? அங்கே சம்பளம் கொடுக்க அரசு இருக்கிறது, கொடுத்துக்கொண்டும் இருக்கிறது. குறை ஆட்களில். வேறு மாவட்டத்திலிருந்து வருகிறவர்கள் மாற்றல் வாங்கிப் போய்விடுகிறார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து, அங்கேயே இருக்கப்போகிற ஒரு பெண் செவிலியராகப் படிக்க விடுதிச் செலவும் பஸ் செலவும் கொடுப்பது ஒரு கட்டடத்தைவிட அதிக நாள் நிற்கும்.

மூன்றாவது வழி, கிராமத்து ஆட்களிலிருந்து மேலே கட்டுவது. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு கிராமத்துக்கு மூன்று பேரை ஊர்க்காரர்களே தேர்ந்தெடுத்தார்கள். இருவர் குழந்தைகளின் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நிமோனியா பார்க்க, ஒருவர் கர்ப்பிணிகளைக் கவனிக்க. நாடு முழுக்கச் சுமார் 45,000 பேர். 2000-ல் 1,000 குழந்தைகளில் 196 பேர் ஐந்து வயதுக்குள் இறந்த நாட்டில் 2015 வாக்கில் அது 50 ஆனது. நேபாளத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் 1988 முதல் இருக்கிறார்கள், சுமார் 50,000 பேர். 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்டுப் போர். அந்தப் பத்து வருடத்தில் ஐந்து வயதுக்குள் சாகும் குழந்தைகள் 1,000-க்கு 118-லிருந்து 61-ஆகக் குறைந்தார்கள். மலைப்பாதை மூடினாலும் அந்தப் பெண் ஏற்கனவே அந்த ஊரில் இருந்தாள் என்பது அதில் ஒரு காரணம்.

இந்த வழியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லாமல் விட முடியாது. ஏழை நாட்டின் ஏழைப் பெண்ணைத் தன்னார்வலர் என்று பெயர் வைத்துச் சம்பளம் இல்லாமல் நடக்கவைப்பது நியாயமில்லை. எங்கள் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியர்கள் வெயிலில் ஊர் ஊராகப் போவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காவது மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன. அப்புறம், கிராமத்து ஆளால் எல்லாம் முடியாது. குழந்தை குறுக்கே கிடந்தால் அறுவைச் சிகிச்சை செய்ய ஓர் இடம் வேண்டும், அங்கே போக வண்டி வேண்டும். மேலே ஆஸ்பத்திரி இல்லாமல் கீழே மட்டும் ஆள் வைத்தால், அந்தப் பெண் கண்ணெதிரே உயிர் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

என்றாலும் பர்மாவுக்கு இதைத் தவிர வழி தெரியவில்லை. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் முதலில் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் மண்டலே முதலான ஊர்களின் அரசு டாக்டர்களும் செவிலியர்களும்தான். ராணுவத்தின் கையில் இருக்கும் சுகாதார அமைச்சகத்துக்குப் பணம் கொடுத்தால் அது போரின் ஒரு பக்கத்துக்குக் கொடுத்ததாகும். எல்லைப் பகுதிகளில் கரேன், கரென்னி, மோன் மக்களின் சுகாதார அமைப்புகள் பல பத்து வருடமாக இருக்கின்றன. 1998 முதல் முதுகில் மருந்து மூட்டையைச் சுமந்து காட்டுக்குள் ஊர் ஊராக நடக்கும் குழுக்கள் உண்டு. தாய்லாந்து எல்லையில் மே சோட்டில் டாக்டர் சிந்தியா மாங் 1989-ல் ஆரம்பித்த மருத்துவமனை அகதிகளுக்கு வைத்தியமும் பார்க்கிறது, அந்த நடக்கும் ஆட்களுக்குப் பயிற்சியும் தருகிறது. சிந்தியா 2002-ல் மகசேசே விருது பெற்றவர். நாளைக்கு ஒரு நல்ல அரசு வந்தால் அந்த நாட்டின் சுகாதாரத் துறைக்கு அடித்தளம் இந்த ஆட்கள்தான். அவர்களை அன்றுவரை உயிரோடும் வேலையோடும் வைத்திருப்பது இப்போது செய்யக்கூடிய புனரமைப்பு. போர் முடியட்டும் என்று காத்திருந்தால் புதிதாகச் சேர்ப்பதற்கு ஆளே இருக்காது.

எந்த வழியானாலும் மருந்து ஒழுங்காக வராவிட்டால் கதை முடிந்தது. இதை மட்டும் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல உரிமை உள்ளவன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்ன மருந்து வரும், எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. கேட்காதது பெட்டி பெட்டியாக வந்து காலாவதியாகும், கேட்டது வராது. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கியது. மாநிலத்துக்கே ஒரே பட்டியல், ஒரே டெண்டர், மாவட்டத்துக்கு ஒரு கிடங்கு, ஒவ்வொரு நிலையத்துக்கும் வங்கிப் புத்தகம் மாதிரி ஒரு பாஸ்புக். நம் கணக்கில் இருக்கும் தொகைக்கு நமக்குத் தேவையானதை நாமே எடுத்துக்கொள்ளலாம். பாம்புக்கடி அதிகமான நிலையம் விஷமுறிவு மருந்தைக் கூடுதலாக எடுக்கும். அந்த ஒரு புத்தகம் வந்த பிறகுதான் கிராமத்து ஜனங்கள் "மருந்து இருக்கா?" என்று கேட்பதை விட்டார்கள். போர் முடிந்த நாட்டுக்கு உதவ வருகிறவர்கள் ஸ்கேன் இயந்திரம் கொண்டுவருகிறார்கள். பட்டியலும் கிடங்கும் கொண்டுவருகிறவர்கள் குறைவு. திமோர் ஆரம்பத்திலேயே தனக்கென்று ஒரு மருந்துக் கிடங்கு அமைப்பை ஏற்படுத்திக்கொண்டது, அது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது.

சரி, நம் தொகைக்கு வருவோம். ஆடிட்டரிடம் கேட்டேன். இந்தியாவில் பதிவான அறக்கட்டளை தன் வருமானத்தை வெளிநாட்டில் செலவழித்தால், வரிவிலக்குக்கு மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் அனுமதி தேவை. அதனால் முழுவதையும் இங்கிருந்து அனுப்புவது எளிதல்ல. ஆச்சி மகன் சிங்கப்பூரிலிருந்து தன் பங்கை நேரடியாகக் கொடுக்கலாம். என் யோசனை, பெரிய பங்கு பர்மா எல்லைக்குப் போக வேண்டும். அதுவும் ஒரே வருடத்தில் கொட்டிவிடாமல், ஏழு வருடத்துக்குப் பிரித்து. நடக்கும் ஆட்களின் மாதப்படிக்கும் மருந்துக்கும் மட்டும். இத்தனையாவது வருடத்தில் எங்கள் பங்கு நிற்கும் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும், அவர்களும் திட்டமிட்டுக்கொள்வார்கள். சின்னப் பங்கு வன்னிப் பெண்கள் செவிலியர் படிப்புக்கு. ஆச்சி மகன் சொல்லும் பெரிய நிறுவனங்கள் வெள்ளம், பஞ்சம், கொள்ளைநோய் என்று அவசரம் வரும்போது ஓடிவருவதற்கு வேண்டும். ஆனால் அவர்களுக்கு நம் தொகை சமுத்திரத்தில் ஒரு கை உப்பு. எல்லையில் நடக்கிறவருக்கு அது ஒரு வருடச் சாப்பாடு.

தம்பிக்குச் சம்மதம். ஆச்சி மகன் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறான். அண்ணனிடம் நேற்று போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப கல்வெட்டு கிடையாதுங்கிற" என்றார். "கிடையாதுண்ணே" என்றேன். "ஐயாவும் நடந்து வந்த ஆளுதான. சரி, என்னென்ன மருந்து போகும்னு ஒரு பட்டியல் போட்டு வை, தை பொறந்ததும் கூடுவோம்" என்று வைத்துவிட்டார்.

பட்டியலை எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் வரியில் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம். இரண்டாவது வரியில் சலைன் பாட்டில்.